மூன்றணா ரோசம்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. 'உடம்புக்கு என்ன?' என்று கேட்டு நாலைந்து வாசகர்கள் கார்டு போட்டிருந்தார்கள். அக்கறைக்கு நன்றி. உடம்பு கல் மாதிரி இருக்கிறது. கெட்டுப்போனது என் கௌரவம் மட்டும்தான்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். எப்படியும் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் மூலம் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து உங்களுக்கு வந்து சேரும். அதற்கு இது மேல் அல்லவா?

எங்கள் எருத்தேன்பதி கொச்சி ராஜ்யத்தில் இருக்கிறது. கொஞ்சம் எட்டிக் கால் வைத்தால் கோயமுத்தூர் ஜில்லா... பிரிட்டிஷ் சீமை. எங்களுக்கு நிலம் இங்கே, சம்பந்தம் அங்கே. பேசுகிற தமிழ் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் கோபாலபுரம் போகிற பாதையில் இரண்டு மூங்கில் தடுப்புகள் உண்டு. நம் பக்கம் ஒரு சாவடி, அந்தப் பக்கம் ஒரு சாவடி. நடுவில் நூறடி. அந்த நூறடியில் ஒரு காப்பிக் கடை.

இரண்டு சாவடிகளையும் ஏலத்தில் எடுத்தவர்கள் வேறு வேறு குத்தகைக்காரர்கள். நம் பக்கத்துக்காரருக்கு ஒரு நாள் யோசனை உதித்தது. அந்தப் பக்கத்து வண்டிகளுக்கு மட்டும் தனியாக ஓர் அணா! மறுநாளே அந்தப் பக்கத்துக்காரர், 'கொச்சி வண்டியா? ஒன்றரை அணா எடு' என்றார். இவர் இரண்டு என்றார். அவர் இரண்டரை என்றார். இப்படி மாற்றி மாற்றி ஏறி, இப்போது இரண்டு பேரும் மூன்றணாவில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள்.

எங்கள் ஊர்க் கல்யாண மொய் மாதிரிதான் இதுவும். நீ எனக்கு வைத்ததை நான் உனக்குத் திருப்பி வைக்கிறேன். ஆனால் மொய்யில் வைக்கிறவனும் வாங்குகிறவனும் அந்த இரண்டு பேர்தான். இங்கே அவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்க, நடுவில் போகிற நாம் மொய் அழுகிறோம்.

விளைவு? பழனிக்குப் போகிற வண்டிகள் வேறு வழி பிடித்துவிட்டன. போன மாதம் ஆனைமலைப் பக்கம் காடு பார்க்க ஒரு துரையும் துரைசானியும் நம் பக்கத்திலிருந்து மோட்டாரில் போனார்கள். பின்னால் கூடாரம், தூண்டில், நாய்க்கு ஒரு மெத்தை! அந்த மோட்டாரின் விலைக்கு இரண்டு சாவடியையும் காப்பிக் கடையையும் சேர்த்து வாங்கலாம். அந்தப் பக்கத்துச் சாவடியில் கட்டணத்தைச் சொன்னதும் துரை, "எதற்கு?" என்றார். "கொச்சியிலிருந்து வருகிறீர்களே, அதற்கு." துரையின் முகம் தக்காளியாகிவிட்டது. மோட்டார் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

பணம் இல்லாமலா திரும்பினார்? ரோசம் சார், ரோசம்! பாதை போட்டிருக்கிறோம், கொடு என்றால் கொடுப்போம். 'நீ வெளியாள், அதனால் கொடு' என்றால் கை மடிக்குப் போக மாட்டேன் என்கிறதே!

இதைத்தான் நானும் முன்பு ஒரு வாரம் இந்தப் பத்தியில் எழுதினேன். சும்மா எழுதியிருக்கலாம். கடைசியில் ஒரு வரி சேர்த்துத் தொலைத்தேன். "இந்தக் கூத்துக்கு நான் ஒரு தம்பிடி கொடுக்கப் போவதில்லை. இது பணமல்ல, பிரின்சிபிள்!" சூரியநெல்லி எஸ்டேட்டிலிருந்து ஒரு வாசகர் 'சபாஷ்' என்று கார்டு போட்டார். அந்தக் கார்டை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இந்த நிலையில்தான் மச்சினனுக்குக் கல்யாணம் வந்தது. என் மனைவி செல்லாத்தாளுக்கு ஒரே தம்பி. அவனுக்கு இவள் ஒரே அக்கா. பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கோபாலபுரம் தாண்டி.

எங்கள் பக்கத்துக் கல்யாணம் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. தாலி கட்டுவதற்கு முந்தின நாள் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. ஒரு சேலையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளை பிடிக்க, மறு தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடப் பிறந்தவள் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்யாணம் ஆகி இன்னொருத்தி வந்தாலும் உனக்கும் எனக்கும் உள்ளது விட்டுப்போகாது என்று ஊரறியச் சொல்வது அது. அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் சீர் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா வரவில்லை என்றால் சீர் நிற்காது. சித்தப்பன் மகள் ஒருத்தி தயாராக இருக்கிறாள், அவள் நின்றுவிடுவாள். அதன்பிறகு செல்லாத்தாள் ஆயுசுக்கும் அந்த வீட்டுப் படியை எந்த முகத்தோடு மிதிப்பாள்?

இரண்டு நாள் முன்பே போயிருக்க வேண்டும். பத்தியை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான்தான் பிடித்து வைத்தேன். பத்தியும் முடியவில்லை. அன்று மத்தியானச் சாப்பாடு ஆனதும் வண்டி பூட்டினேன்.

"ஏனுங்க, வெளக்கு வெக்கறதுக்குள்ள போயிரலாமுங்களா?"

"தாராளமா போயிரலாம் புள்ள. சாவடி தாண்டினா அப்பறம் எவ்வளவு தூரம்?"

சாவடி! அதைப் பற்றி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நம் பக்கத்துச் சாவடியில் இருப்பவர் சங்குண்ணி. மலையாளக்காரர், இங்கே வந்து பல வருஷமாகிறது. எந்த வண்டி எந்தப் பக்கத்தது என்று மாட்டுக் கொம்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். நம் வண்டிக்கு இங்கே கட்டணம் இல்லை. தடுப்பைத் தூக்கி, சிரித்து அனுப்பினார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் நூறடி தள்ளித்தான் புரிந்தது.

அந்தப் பக்கத்துச் சாவடிக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க, வாங்க! பத்தி எழுதறவருதானுங்களே? எங்கூட்டுல வாரா வாரம் படிக்கறமுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்தது. "அப்படியா? சந்தோஷம். தடுப்பைத் தூக்குங்க."

"தூக்கிரலாமுங்க. மூணணாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "தம்பிடி குடுக்க மாட்டேன்னு எழுதியிருந்தீங்களே, அதையும் படிச்சனுங்க."

காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த கூட்டம் டம்ளரோடு எழுந்து வந்துவிட்டது. நான் என்ன செய்ய? மடியில் காசு இருந்தது. அதை எடுத்திருந்தால் நாளைக்குப் பேனாவை எடுக்க முடியுமா?

சாவடிக்காரர் நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்தி, "அம்மணி விசேசத்துக்குப் போறாங்க. அந்த மூணணாவை எங்கைக்காசுல நானே போட்டுக்கறனுங்க. நீங்க போங்க" என்றார்.

புத்தியுள்ளவன் அங்கே நன்றி சொல்லிவிட்டு வண்டியை ஓட்டியிருப்பான். எனக்கோ அதுதான் பெரிய அவமானமாகப் பட்டது. சாவடிக்காரர் தயவில் நான் எல்லை தாண்டுவதா?

"வேண்டாம். ஓடை வழியாச் சுத்திப் போயிக்கறேன்!" என்று வண்டியைத் திருப்பினேன். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலும் சேர்ந்து என்னைக் கெடுத்தது.

"ஏனுங்க, நேரமாகுதுங்க."

"ரண்டு மைல் சுத்துத்தான் புள்ள."

"நாலு மைலுங்க. அந்த ஓடை மணல்ல போன மாசம் நம்ம மாடே நின்னு போச்சு."

அவள் வண்டி நின்ற இடத்திலேயே இறங்கினாள். புடவை மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாவடிக்காரரிடம் போனாள்.

"ஏனுங்க, நடந்து போறவங்களுக்கு எவ்வளவுங்க?"

"ஆளுக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி. வண்டிக்குத்தானுங்க காசு."

பார்த்தீர்களா? இத்தனை நாள் இந்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசினேன், எழுதினேன், கொதித்தேன். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு!

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க உங்க ரோசத்தை வண்டீல ஏத்திக்கிட்டு ஓடை வழியா வாங்க. நான் எந்தம்பிகிட்டப் போறேன்" என்றாள். ஒரு தரம் குனிந்தாள். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அங்கே இதற்கென்றே நாலு வாடகை வண்டிகள் நிற்கின்றன என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

ஓடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணலில் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கியது. நான் இறங்கித் தள்ளினேன். மாடுகள் இரண்டும் என்னைத் திரும்பிப் பார்த்தன. பொழுது இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. வண்டி கிடைத்ததா அவளுக்கு? இல்லை, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடக்கிறாளா? தம்பி கல்யாணத்துக்கு, புருஷன் இருந்தும், தனியாளாக? தூரத்தில் மேளம் கேட்டது. சீர் ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது. அந்தச் சேலைத் தலைப்பை வேறொருத்தி பிடித்துக்கொண்டிருந்தால் இனி நான் எழுதி என்ன, எழுதாமல் என்ன? அந்த மணலில் நின்று சத்தம் போட்டு என்னை நானே திட்டிக்கொண்டேன். கேட்க மாடுகளைத் தவிர யாரும் இல்லை.

எப்படியோ வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. வேட்டி முழுக்க மணல். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

செல்லாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பிக்குப் பக்கத்தில், நிமிர்ந்து. அவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா, வெட்கமா என்று கேட்டால்... இரண்டும்தான்.

சீர் முடிந்து என் பக்கம் வந்தவள், "வாடகை வண்டிக்கு ஆறணா குடுத்தனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதாவது, நான் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு.

மறுநாள் விருந்துப் பந்தியில் பக்கத்து இலையில் யார் என்று நினைக்கிறீர்கள்? சங்குண்ணி!

"எந்தா கவுண்டரே, ஓடை வழியாயிட்டோ வந்தது?" என்று விசாரித்தார். செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறது.

பேச்சை மாற்ற வேண்டுமே. "நீங்க எப்படி வந்தீங்க? வண்டியிலயா?" என்று கேட்டேன்.

"வண்டியிலயோ? நல்ல கதை! இவிடத்துச் சாவடியில மூணணா ஆரு கொடுக்கும்? நடந்து வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பாயசத்துக்கு இலையை வழித்தார்.

வருஷம் முழுக்க மற்றவர்களிடம் வாங்குகிற மனுஷர்! எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. புரை ஏறிவிட்டது. இரண்டு நாளில் முதல் தடவையாகச் செல்லாத்தாளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

யோசித்துப் பார்த்தேன். காடு பார்க்கப் போன துரைக்குக் காட்டில் யாரும் காத்திருக்கவில்லை. இந்தக் காடு இல்லாவிட்டால் இன்னொரு காடு. அதனால் மூன்றணா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. செல்லாத்தாளுக்குத் தம்பி காத்திருந்தான். அவளை எந்த மூங்கில் நிறுத்தும்? இது புரிந்தால் குத்தகைக்காரர்கள் கட்டணத்தைக் குறைப்பார்களா, கூட்டுவார்களா என்பது எனக்குத் தெரியாது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கொஞ்சம் தப்பித்திருப்பேன்.

மூன்றாம் நாள் புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் எங்கள் வீட்டு விருந்துக்கு அழைத்து வந்தோம். முன்னால் எங்கள் வண்டி. பின்னால் பெண் வீட்டு வண்டியில் அவர்கள். உள்ளே வருகிற வண்டிக்குத்தான் காசு, வெளியேறுகிற வண்டிக்கு இல்லை என்பதால் அந்தப் பக்கத்துச் சாவடியில் ஒன்றும் கேட்கவில்லை; நூறடி வந்தோம். சங்குண்ணி எங்களை விட்டுவிட்டு, பின்வண்டிக்கு முன்னால் தடுப்பை இறக்கினார். பாயசம் சாப்பிட்ட ஞாபகமே முகத்தில் இல்லை.

"வெளி வண்டி. மூணணா."

மச்சினன் மடியில் கை வைத்தான். எனக்கு என்ன ஆயிற்றோ... வண்டியிலிருந்து குதித்து ஓடினேன். என் வீட்டுக்கு வருகிறவன் என் ஊர் வாசலில் காசு கொடுப்பதா? மூன்றணாவை எண்ணிச் சங்குண்ணியின் கையில் வைத்தேன். மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது!

"பத்திரிகையில எழுதினதோ கவுண்டரே?" என்றார் சங்குண்ணி, ரசீதைக் கிழித்தபடி. காப்பிக் கடை மொத்தமும் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வேறு வழி?

அந்த ரசீது இப்போது செல்லாத்தாளின் நகைப் பெட்டியில் இருக்கிறது. நான் 'பிரின்சிபிள்' என்று வாயெடுத்தால், அவள் பெட்டியைத் திறக்கிறாள்.