அண்ணன் பாதி, தம்பி பாதி, நடுவில் என் டேப்

பழைய மாட்டுக்கொட்டாய்களை அளந்து படம் போடுவது என் வேலை, "எதுக்கு?" என்று கேட்காத ஒரே ஜீவன் மாடுதான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பிழைக்கிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். பூதிகோட்டையில் ஒரே கொட்டாயில் நான் பட்டது இது.

கிளம்பும்போதே

எங்கள் வீடு ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 'லெவல்' என்றால் எனக்குத் தரையின் மேடுபள்ளம்; அவருக்கோ பூமிக்கடியில் ஆட்கள் வேலை செய்யும் தளம்தான், வேறு அர்த்தமே கிடையாது. இது தெரிந்தும், ஸ்கூட்டரை எடுக்கும்போது, "ஒரு மாட்டுக்கொட்டாய்ல லெவல் பார்க்கணும்பா" என்று சொல்லித் தொலைத்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மாட்டுக்கு அடியில இன்னாம்மா லெவலு? கீழ எறங்க ஷாப்ட் எங்க கீது?"

யார் பேரில்?

கொட்டாய்க்காரர் கிருஷ்ணப்பா வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி முனிரத்தினம்மாவிடம், "உங்க கொட்டாயை டாக்குமெண்ட் பண்ண வந்திருக்கேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் டாக்குமெண்ட் என்றால் நிலப்பத்திரம் என்பது அப்போது என் மரமண்டைக்கு எட்டவில்லை. அந்த அம்மா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். சுடச்சுட ராகி ரொட்டி வந்தது, மேலே வெண்ணெய் வேறு. இந்தத் தொழிலில் இப்படி ஒரு மரியாதையா என்று நான் மயங்கியிருக்கும்போது, குனிந்து காதோரம் சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரர் பேருலயே போட்டுடு கண்ணு. கொழுந்தன் பேரு சேர்க்காத."

கொழுந்தன் வந்தார்

ரொட்டி முடிவதற்குள் சேதி எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. தம்பி கோபால் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் அப்பா செத்த பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. கொட்டாயின் குறுக்கே நீலத் தார்ப்பாய் கட்டி, ஆளுக்குப் பாதியில் மாடு கட்டுகிறார்கள். அண்ணன் தன் பாதியை இடித்துவிட்டு ஷீட் போடப் போகிறார், ஜேசிபிக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் முகட்டு மரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மரம். இந்தப் பாதியை இடித்தால் அந்தப் பாதியும் உட்கார்ந்துவிடும், தம்பியின் மாடுகள் தெருவில்தான் நிற்க வேண்டும். இதை அண்ணனிடம் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நான் பத்திரம் எழுத வரவில்லை, படம் போடத்தான் வந்தேன் என்று எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் சொல்லிப் பார்த்தேன். கோபால் முழுசாக நம்பவில்லை.

"சரி, எங்க பாதியும் அளங்க. அதே டேப்புல அளங்க, வேற டேப்பு வேணாம்."

ஒரே மரம்

அதற்குள் கிருஷ்ணப்பாவும் வந்து சேர்ந்தார். முகட்டு மரத்தை அளக்க இரண்டு கோடியிலும் ஆள் வேண்டும், நானோ ஒருத்தி. வேறு வழியில்லாமல் டேப்பின் ஒரு முனையை அண்ணனிடமும் மறுமுனையைத் தம்பியிடமும் கொடுத்து, இருவரையும் ஏணியில் ஏற்றினேன். தார்ப்பாய் குறுக்கே நின்றது. முனிரத்தினம்மாதான் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்துவிட்டார். டேப் நடுவில் தொங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த கிருஷ்ணப்பா, "லூசா கீதுடா, இஸ்து புடி" என்றார். அந்தக் கோடியிலிருந்து, "புடிச்சிக்கினுதான் கீறேண்ணா" என்று வந்தது.

அளவைக்கூட எழுதாமல் நின்றேன். கிருஷ்ணப்பா ஏணியிலிருந்து இறங்காமலே மரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டார்.

"இப்ப வராதப்பா. தம்பியாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேன்."

ஆபீசுக்கு அனுப்பிய அறிக்கையில் இதையெல்லாம், 'உள்ளூர் மக்கள் அளவெடுப்புக்கு ஒத்துழைத்தனர்' என்று ஒரே வரியில் எழுதி முடித்தேன்.