வடை ஆறுவதற்குள்

தாமரைச்செல்விக்கு அன்று கோபம் வரவில்லை. வந்து தொலைத்திருக்கலாம்.

எழுமலையில் பிறந்து படித்து மேலே வந்தவர், இப்போது பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியர். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த முத்துமீனாவோ பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, சமயநல்லூர் நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருக்கிறாள். பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பதே அவள்தான். ஆனாலும் டீச்சர் நாற்காலியில் உட்காரப் பட்டயம் வேண்டுமாம்.

அவளை நினைத்துத்தான் தாமரைச்செல்வி மழலையர் கல்விப் பட்டயப் படிப்பு ஒன்றை வகுத்தார். வேலை பார்ப்பவர்களுக்கென்றே, சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு. அந்த ஐந்து மணிதான் அதன் உயிர்.

புதுப் படிப்பு எதுவானாலும் பேராசிரியர்களின் பாடத்திட்டக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: படிப்பு பாஸானால், கொண்டுவந்தவர் வடை வாங்கித் தர வேண்டும். தாமரைச்செல்வி தல்லாகுளத்துக் கடையில் காலையிலேயே சொல்லிவைத்துவிட்டார். பிள்ளை பிறக்குமுன் பேர் வைக்கிற அவசரம்!

கூட்டத்தில் அசோக்குமார் முதலில் வாயைத் திறந்தார். "சாயங்காலம் யாரு மேடம் வந்து நடத்துறது? நான் திருமங்கலம் போயிச் சேரணும்ல?"

"பகல்ல வரமுடியாதவங்களுக்குத்தான் சார் இந்தப் படிப்பே."

"படிக்கணும்னு ஆசையிருந்தா பகல்ல வரட்டுமே" என்றார் இன்னொருவர்.

வேலையை விட்டுவிட்டா வருவார்கள் என்று கேட்கத் தாமரைச்செல்வி எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து வடை வந்தது. அறை முழுக்க வாசம். குழுத் தலைவர் ஜெயபாண்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அட, வடையே வந்துருச்சே! பெறகென்ன? பத்துலருந்து நாலுன்னு மாத்தி பாஸ் பண்ணிருவோம். ஆறுறதுக்குள்ள முடிங்கப்பா."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பாஸ். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் வரத்தைக் கொடுத்து, அதிலிருந்த உயிரை மட்டும் உருவிக்கொண்டார்கள்.

எழுந்து நின்றவர் உட்காரவில்லை; பேசவும் இல்லை. அவருடைய கை தானாகப் பொட்டலத்தைப் பிரித்தது. சட்னி கேட்டவருக்குச் சட்னி ஊற்றியது.

"வாழ்த்துக்கள் மேடம்" என்றார் அசோக்குமார், வாய் நிறைய வடையோடு.

"தேங்க்ஸ் சார்." உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அழுகை வருமா என்று பார்த்தார். அதுவும் வரவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அடித்தது.

"தாமரை, என்னாச்சு? பாஸா?"

"பாஸ்தான் மீனா."

"ஆத்தாடி! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அஞ்சு மணிக்கு டாண்னு வந்து நிப்பேன் பாரு."

"அஞ்சு இல்ல. காலையில பத்துலருந்து நாலு."

"பத்து மணிக்கு நான் பிள்ளைகளுக்குப் பால் ஆத்திக்கிட்டு இருப்பேனே புள்ள" என்றாள்.

"ஆமா."

"அம்புட்டுப் பேரு உக்காந்திருந்தீங்களே, எங்களுக்காக ஒருத்தர்கூடவா பேசல? நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

பஸ் ஒன்று வந்து நின்று, கிளம்பிப் போனது. தாமரைச்செல்வி விரலை மோந்து பார்த்தார்.

"வடை குடுத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.