பல்பு கப்பு

ஃப்யூஸ் போன குண்டு பல்பைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே அறுந்து கிடக்கிற கம்பி கண்ணாடியில் பட்டுக் "கிணிங் கிணிங்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். மூக்கருகே கொண்டுபோனால் தூசியும் பழைய சூடும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். வடக்குப்பட்டில் எங்கள் நாலு பேருக்கும் கோடை லீவு அந்தச் சத்தத்தோடுதான் ஆரம்பமாகும். ஆண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள், யார் வீட்டிலாவது ஃப்யூஸ் போன பல்பு ஒன்றைத் தேடி எடுத்துத் துடைத்து, காம்பில் ரிப்பன் கட்டி, அதற்காக நாள் முழுக்கப் போட்டி நடத்துவோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "பல்பு கப்பு".

எங்கள் பக்கத்தில் ஒருத்தி "பல்பு வாங்கினாள்" என்றால் நாலு பேர் பார்க்க அசடு வழிந்தாள் என்று அர்த்தம். அந்த வருஷம் எங்களில் யார் பெரிதாக அசடு வழிந்தாளோ அவளே சாம்பியன். "சாட் பூட் த்ரீ" போட்டு யாருக்கு யார் ஜோடி என்று முடிவாகும். இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி, கிரிக்கெட்டில் இருப்பது மாதிரியே. மைதானம் எதுவென்றால், புதுசாக வந்த கம்பெனிகளுக்குச் சாலை போடுவதற்காக ஏரிக்கரைப் பக்கம் வருஷக்கணக்கில் உருட்டிப் போட்டிருந்த ராட்சத சிமெண்ட் பைப்புகள். உள்ளே வரிசையாக உட்கார்ந்துகொண்டு கதை சொல்வோம். யாருடைய கதைக்குச் சிரிப்பில் பைப்பு அதிகமாக அதிர்கிறதோ அவள் ஜெயித்தாள். அந்தப் பக்கமாகப் புல்லறுக்க வரும் குமாரியின் அம்மா குனிந்து எட்டிப் பார்த்து, "பொட்டப் புள்ளைங்க இப்பிடியாடி பல்ல காட்டினு சிரிக்கிறது" என்று வருஷா வருஷம் சொல்லிவிட்டுப் போவார்கள். அது எங்களுக்குத் தொடக்க விழா மாதிரி.

ஒரே ஒரு சட்டம்தான் உண்டு, அதை யாரும் மீறக் கூடாது. தன் கதையைத் தானே சொல்லக் கூடாது. உன் மானம் போன கதையை இன்னொருத்தி பார்த்திருக்க வேண்டும், ஞாபகம் வைத்திருக்க வேண்டும், அவளாகச் சொல்ல வேண்டும். எவளுக்கும் ஞாபகம் இல்லையென்றால் உனக்குக் கதை இல்லை, நீ அவுட். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் எஸ்தர். அவள் அப்பா கிறிஸ்தவக் கோவிலில் மணி அடிப்பவர். சட்டம் போடுவதென்றால் அவளுக்கு அவ்வளவு இஷ்டம்.

ஆனால் முதல் வருஷமே பைனலுக்குப் போனவளும் அவள்தான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்குத் தேவதூதன் வேஷம். காகிதச் சிறகு கட்டி, மேய்ப்பர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, "பயப்படாதிருங்கள்" என்று கணீரென்று சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் மேலே கட்டியிருந்த துணியிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி அவள் சிறகில் விழுந்தது. தேவதூதன் போட்ட கூச்சலில் மேய்ப்பர்கள் நிஜமாகவே பயந்துபோனார்கள். யோசேப்பைத் தாண்டிக் குதித்து, ஜனங்களுக்கு நடுவே ஓடி, கோவில் வாசலைக் கடந்து ரோட்டுக்குப் போய்த்தான் அவள் நின்றாள். இதைச் சொன்னது நான். பைப்பு அதிர்ந்த அதிர்ச்சியில் உள்ளே படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது.

குமாரியின் கதை வேறு மாதிரி. அவள் அப்பா இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது டிபன் கேரியரை மறந்துவிட்டுப் போக, இவள் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, நின்றிருந்த வெள்ளைப் பஸ்ஸின் ஜன்னல் வழியாக "எங்கப்பா கையில குடுத்துடுங்கண்ணா" என்று கொடுத்துவிட்டு வந்தாள். எல்லாக் கம்பெனிப் பஸ்ஸும் வெள்ளைதான், முன் கண்ணாடியில் இருக்கும் அட்டையைப் படித்தால்தான் எது எங்கே போகிறதென்று தெரியும். அதையெல்லாம் குமாரி எங்கே படித்தாள்? மறுநாள் அதே நேரத்துக்கு அதே பஸ் வந்து நின்றது. கேரியர் நன்றாகக் கழுவித் திரும்பி வந்தது. கருவாட்டுக் குழம்பு பிரமாதம், உப்புதான் கொஞ்சம் கம்மி என்று யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒருநாளும் "பிரமாதம்" கேட்டறியாத குமாரியின் அம்மா அதன் பிறகு குழம்பில் ஒரு கை உப்பு கூடவே போட்டார்கள், பாவம், அவள் அப்பாதான் தின்று தீர்த்தார்.

இவையெல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டவள் பாஞ்சாலை. நிலம் எடுக்கிற ஆபீசர்கள் மஞ்சள் பெயின்ட் அடித்து அங்கங்கே கல் நட்டுவிட்டுப் போன காலம் அது. கட்ட இடமில்லாமல் அந்தக் கல்லில் இவள் ஆட்டைக் கட்டினாள். ஆடு ஒரே இழுப்பில் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. போலீஸ் வரும் என்று பயந்து, ஆடு நின்ற இடத்திலேயே இவள் கல்லை அவசரமாக நட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். அது அவளுடைய தேசிங்கு மாமாவின் கழனி. விடிந்து பார்த்த மாமா, கம்பெனி தன் நிலத்தைத்தான் கேட்கிறது என்று முடிவு கட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக டீக்கடையில் கால் மேல் கால் போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டார். "இனிமே நம்ம ரேஞ்சே வேற" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அளக்க வந்த ஆள் கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டபோது மாமாவின் முகம் போன போக்கை நான் மட்டுமே பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வருஷம் பாஞ்சாலைக்குப் போட்டியே இல்லாமல் கப்பு கிடைத்தது.

கவனித்தீர்களா, எல்லாருடைய கதையையும் சொன்னது நான். எனக்குக் கண்ணும் ஞாபகமும் அப்படி. என் முறை வரும்போது மட்டும் பைப்புக்குள் சத்தமே இருக்காது. எஸ்தர் குமாரியைப் பார்ப்பாள், குமாரி பாஞ்சாலையைப் பார்ப்பாள், பாஞ்சாலை தரையைப் பார்ப்பாள். கடைசியில் யாராவது ஒருத்தி, "தேவிக்கு ஒண்ணும் இல்லப்பா" என்பாள். வருஷா வருஷம் முதல் ஆட்டத்திலேயே நான் அவுட்.

சிரிப்பாக இருக்கும் உங்களுக்கு. எனக்கு அப்படி இல்லை. ஒருத்தியைப் பற்றி நினைத்துச் சொல்ல ஒரு அசட்டுக் கதைகூட இல்லையென்றால் அவள் இருந்தும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்று அந்த வயதிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. எனக்கு வீட்டிலும் பேச்சுத்துணை கிடையாது. நான் மூணாவது படிக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள்; அண்ணன் ஹாஸ்டலில் படித்தான்; அப்பா ஷிப்டுக்குப் போவார், வருவார், தூங்குவார். செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த அம்மாவைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது கொடியில் காயும் நீலக் கோட்டும், நைட் ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கும் முதுகும்தான். வீட்டில் இருந்த ஒரே படமும் கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் யார்தான் சிரிப்பார்கள்? அம்மா சிரித்து நான் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை.

ஒரு வருஷம் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். பரீட்சைக்கு முந்தின வாரம், மூணு பேரும் பார்க்கும்படி ஏரிச் சேற்றில் வழுக்கி, புஸ்தகப் பையோடு விழுந்து எழுந்தேன். கச்சிதமான விழல். போட்டியன்று ஆவலோடு காத்திருந்தால், பாஞ்சாலை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வோணும்னு வுழுந்ததெல்லாம் கணக்குல சேராது." சேறு காய்ந்த அந்தப் பாவாடையைத் துவைக்க நான் பட்ட பாடுதான் மிச்சம்.

பத்தாவது பரீட்சை எழுதிய வருஷத்தோடு பல்பு கப்பு நின்றுபோனது. நிலத்தை விற்றுவிட்டுக் குமாரி வீட்டார் தாம்பரம் பக்கம் போனார்கள். எஸ்தருக்குக் கோயம்புத்தூரில் கல்யாணமானது. பாஞ்சாலை சிங்கப்பெருமாள் கோவிலில் வாக்கப்பட்டு, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்க்கிறாள். நான் மட்டும் அதே ஊரில், அதே வீட்டில். அப்பா அண்ணனோடு போய்விட்டார். மேல் போர்ஷனில் ஒடிசாப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். மரியாதையான பிள்ளைகள், என்னை அக்கா என்ற அர்த்தத்தில் "தீதி" என்பார்கள், அவர்களுக்கும் எனக்கும் "தண்ணி வருதா", "வருது" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. என்னைப் பாவாடை சட்டையில் பார்த்த ஒரு ஜீவன் இந்தத் தெருவில் இப்போது கிடையாது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம்வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

இந்தக் காணும் பொங்கலுக்கு எனக்கு என்ன தோன்றியதோ, எங்கள் வாட்ஸப் குரூப்பில், எல்லாரும் வாங்கடி, ஒரு தடவை கப்பு நடத்தலாம் என்று போட்டேன். எஸ்தர் இதயம் அனுப்பினாள். குமாரி குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாள். பாஞ்சாலை மட்டும் வந்தாள், அதுவும் லீவு நாளில் ஓடிக்கு, அதாவது கூடுதல் வேலைக்கு, போகிற வழியில். கம்பெனிக் கோட்டோடு வந்து பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். அரை மணியில் அவளுடைய பஸ் வந்துவிடும்.

ரெண்டே பேர், நேராக பைனல்தான் என்று சிரித்தாள். நான் ஆட்டையும் கல்லையும் தேசிங்கு மாமாவின் கறுப்புக் கண்ணாடியையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முறை. உனக்கு ஒண்ணும் இல்லப்பா என்று அவள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"உனுக்கு ஒண்ணு கீதுடி" என்றாள் பாஞ்சாலை. "அப்பத்துலேந்தே கீது."

நாங்கள் இரண்டாவது படிக்கும்போது நடந்ததாம். நல்ல மழை. நானும் அவளும் அம்மாவைக் கூட்டி வர இதே ஸ்டாப்பில் நின்றிருந்தோமாம். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் எல்லாருக்கும் அதே நீலக் கோட்டு, எல்லார் கையிலும் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரிக் குடை. நான் ஓடிப்போய் ஒரு குடைக்குள் புகுந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறேன். குடைக்குள் இருந்தது யாரோ முன்பின் தெரியாத பெண். அவளும் குழந்தை ஆசையாகப் பேசுகிறதே என்று "ஆமா ஆமா" போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். தெருத் திருப்பத்தில் அந்தப் பெண் குனிந்து, "ஏம்மா, நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்ட பிறகுதான் நான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினேனாம்.

"உங்கம்மா பின்னாடியேதான் வந்துகினு இருந்தாங்க" என்றாள் பாஞ்சாலை. "நான் உன்ன கூப்டப் போனேன். என் கைய புடிச்சி நிறுத்திட்டாங்க. 'இரு, கூப்டாத, எவ்ளோ தூரம் பேசினு போறான்னு பாக்கலாம்'னு சொல்லிட்டு சிரிக்கிறாங்க, அப்பிடி சிரிக்கிறாங்க. நிக்க முடியாம ரோட்டோர மதகு மேல குந்திட்டாங்க. கொட எங்கயோ, அவங்க எங்கயோ. மொத்தமா நனஞ்சி போய்ட்டாங்க."

அவளே மேற்கொண்டு சொன்னாள். முதல் வருஷப் போட்டிக்கு முந்தின நாள் மூணு பேரும் கூடிப் பேசினார்களாம். இருப்பதிலேயே பெரிய கதை என்னுடையதுதான், ஆனால் அதில் அம்மா வருகிறாள், சொன்னால் நான் அழுதுவிடுவேன், அதனால் எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது என்று எஸ்தர் பைபிள் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாளாம். வருஷா வருஷம் உன்ன அவுட் பண்றப்போ எங்களுக்கு மட்டும் நல்லாவா இருந்திச்சி என்று பாஞ்சாலை கேட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் குடையும் அந்தப் பெண்ணின் "ஆமா ஆமா"வும் கண் முன்னால் வந்து, நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிய, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. பாஞ்சாலை ஓடினாள். பின்னாலேயே ஓடிப் படிக்கட்டருகில் அவள் கையைப் பிடித்துக் கேட்டேன், "அம்மா எப்பிடிடி சிரிப்பாங்க?"

"இப்ப நீ சிரிச்சியே, இதே மாதிரிதாண்டி" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

இன்றைக்கு வடக்குப்பட்டைச் சுற்றி எங்கள் ஏரிக்கரை வழி இல்லை, தேசிங்கு மாமாவின் கழனி இல்லை. அந்தப் பைப்புகள் ஆறுவழிச் சாலைக்கு அடியில் எங்கேயோ தண்ணீர் கடத்திக்கொண்டிருக்கின்றன. பாஞ்சாலைக்கும் ஷிப்டு மாறிவிட்டது, அவளுடைய பஸ் இந்த வழியாக வருவதில்லை. வேலை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அம்மாவின் சிரிப்பைக் கேட்கலாமே என்று நான் சில நாள் சிரித்துப் பார்க்கிறேன். வர மாட்டேனென்கிறது. என்னைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள் மூணே பேர்தான், அவர்கள் மூணு பேரும் வெவ்வேறு ஊரில் இருக்கிறார்கள்.