கூலி வேற, ஸகாத் வேற

என்ட மனிசன் கல்முனையில ஒரு ஹோட்டல்ல வெயிட்டர். ஹோட்டல் எண்டா படுக்கிற ஹோட்டல் இல்ல, சாப்பாட்டுக் கடைதான். கலியாணம் பேசுற காலத்திலயே அவர் அங்கதான். "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" எண்டு கேட்ட மாமிமாருக்கு என்ட உம்மா "மெயின் றோட்டு ஹோட்டல்ல" எண்டு மட்டும் சொன்னா. அவங்க முதலாளியாக்கும் எண்டு நினைச்சிட்டாங்க. உம்மா அதத் திருத்தவும் இல்ல. கலியாணம் முடிஞ்ச பிறகுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச.

அந்தக் கடையிட முதலாளிய எல்லாரும் ஹாஜியார் எண்டுதான் சொல்ற. சம்பளத்தக் கூட்டச் சொல்லி எந்த வெயிட்டர் எப்ப கேட்டாலும் ஹாஜியார் ஒரே பதில்தான் வெச்சிருந்தார்: "தம்பி, உனக்கு டிப்ஸ் வருது தானே!"

டிப்ஸா? எங்கட ஊருலயா? கேட்டாச் சிரிப்பு வரும். சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் இடையில எந்த மேசைக்குப் பக்கத்துல போய் நிண்டாலும், இருக்கிறவர் ஒண்டு மச்சான், இல்லாட்டிச் சாச்சா, அதுவும் இல்லாட்டி கலியாணம் பேசி முறிஞ்சு போன ஊட்டாக்கள். தெரிஞ்ச மனிசண்ட கையில எப்புடிச் சல்லி வைக்கிற? அது அவரப் பிச்சைக்காரனாக்கின மாதிரியாம். அதனால நல்லாச் சாப்பிட்டு, கையக் கழுவி, என்ட மனிசண்ட தோள்ல தட்டி, "என்ன மச்சான், பிள்ளைகள் சுகமா?" எண்டு கேட்டுட்டுப் போவாங்க. மரியாதை எண்டா அப்புடி ஒரு மரியாதை! அந்த மரியாதைய உலையில போட்டா சோறாகுமா? எனக்கு அண்டைக்கும் கோவம், இண்டைக்கும் கோவம்.

டிப்ஸ் வைக்கிற வெளியூராக்கள்தான். ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த டொக்டர்மார், கொழும்பால வாற கம்பெனிக்காரர், அப்புடி ஆக்கள். அவங்க சோசருக்குக் கீழ நோட்ட வெச்சிட்டு ஒண்டும் தெரியாத மாதிரி எழும்பிப் போவாங்க. அந்தச் சல்லியில எங்கட ஊட்டுக்கு மரக்கறி வந்திச்சு, பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில் வந்திச்சு. பொய் சொல்லக்கூடா.

பிறகு சாமான் விலையெல்லாம் ஏறி, ஒரு கொத்து ரொட்டிய மூணு பேர் பிரிச்சுச் சாப்பிடுற காலம் வந்திச்சு. ஹாஜியார் பெரியாக்கள் வரட்டும் எண்டு மேல்மாடியில ஏஸி றூம் ஒண்டு கட்டினார். அதோட பில்லுக்குக் கீழ புதுசா ஒரு வரி ஏறிச்சு. சேவிஸ் சார்ஜ், நூத்துக்குப் பத்து. வெளியூராக்கள் அதப் பார்த்துட்டு, "வெயிட்டர்மாருக்குத்தான் பில்லுலயே எடுத்திட்டாங்களே" எண்டு சோசருக்குக் கீழ வைக்கிறத நிப்பாட்டிட்டாங்க. அவங்களக் குறை சொல்லேலா. ஆனா அந்தப் பத்துல ஒரு சதம் இவங்கட கைக்கு வரல்ல. மற்ற வெயிட்டர் ஒருத்தர் கேட்டதுக்கு, "அப்ப ஏஸிக்குக் கரன்ட் பில் ஆர் கட்டுற?" எண்டாராம் ஹாஜியார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா எண்ட கதைதான்.

நான் ஊட்ட சண்டை பிடிச்சன். "உங்களுக்கு வாயில்லையா? ஊராக்களுக்கெல்லாம் என்ன வேணும் எண்டு கேட்டுக் கேட்டுக் குடுக்கிறீங்க, உங்களுக்கு வேணும் எண்டதக் கேட்கத் தெரியாதா?"

"ஹாஜியார் நல்ல மனிசன் புள்ள. சமயம் பார்த்துக் கதைப்பம்" எண்டார்.

நல்ல மனிசன்தான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. என்ட வாப்பா மௌத்தாகி அடக்கின நேரம் கபன் புடவையில இருந்து நாப்பதாம் நாள் கத்தத்துச் சாப்பாடு வரைக்கும் ஹாஜியார்ட செலவு. நாங்க கேட்கவும் இல்ல. மூத்தவனுக்குச் சுன்னத்துச் செஞ்சப்ப ஆட்டிறைச்சி அனுப்பினார். கேளாம அள்ளிக் குடுப்பார். கேட்டா மட்டும் அந்தக் கை மூடிக்கும். தானம் குடுக்கிறவர் பெரிய மனிசன், சம்பளம் குடுக்கிறவர் வெறும் கடன்காரன் எண்டு அவர் நினைச்சாரோ என்னவோ.

என்ட பாஸ்போட் அப்ப ஏஜென்டிட்ட இருந்திச்சு. குவைத்துல ஒரு ஊட்டு வேலை. மெடிக்கல் எல்லாம் முடிஞ்சு, ஓம் எண்டு சொன்னாச் சரி. எனக்கு மூணு பிள்ளைகள். சின்னவள் அப்பதான் பால் மறந்திருந்தாள். அவள விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல்ல. இவர் ஒரு நாள் வேலையால வந்து, சேட்டக் கூடக் கழட்டாம எனக்குப் பக்கத்துல குந்தினார்.

"நீ போகாத. சேவிஸ் சார்ஜுல எங்கட பங்கத் தந்தாக் காணும், ஊடு ஓடிடும். நான் ஹாஜியாரிட்டக் கேட்கிறன்."

நானும் யோசிச்சுப் பார்த்தன். சரிதான், அது கிடைச்சா நான் போகத் தேவையில்ல. மனிசன் மறுநாளே போய்க் கேட்டார். ஆயுசுல முதல் தடவையா வாயத் திறந்து, எனக்காகக் கேட்டார். "நோம்பு வரட்டும் தம்பி, நல்லதாப் பார்ப்பம்" எண்டு ஹாஜியார் சொன்னாராம். நான் ஏஜென்டுக்குக் கோல் எடுத்து, பெருநாள் வரைக்கும் பொறுங்க எண்டு கெஞ்சினன். நான் பிள்ளைகளோட இருக்கிறதா, கடலுக்கு அங்கால போறதா எண்டது ஹாஜியார்ட அந்த ஒரு சொல்லுல தொங்கிச்சு.

நோம்பு வந்திச்சு. எல்லாருக்கும் அது பறக்கத்தான மாசம். வெயிட்டருக்கு மட்டும் பஞ்சம். எங்கட பக்கம் நோம்புல பகல்ல சாப்பாட்டுக் கடையெல்லாம் பூட்டுத்தானே. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு திறந்து கஞ்சி, ரோல்ஸ், சமோசா விக்கிற. அர நாள் வேலை, அர நாள் சம்பளம். மாசம் பாதிக்குள்ளேயே என்ட அரிசிப் பானையில அடி தட்டிட்டு. இவருக்குத் தெரியவிடல்ல. நோம்போட வேலைக்குப் போற மனிசனிட்ட இதையும் சொல்லி என்ன செய்ற?

பக்கத்து ஊட்டு ராத்தா வந்தா. "சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஸ்டோர்ல ஆரோ ஸகாத் குடுக்காங்களாம். வாறியா கா?"

ஸகாத் எண்டா சல்லிக்காரர் ஏழைகளுக்குக் குடுக்கக் கடமையான பங்கு. ஆர் குடுக்கிற எண்டு அவவுக்கும் தெரியா. எங்கட ஊருக்குள்ள எண்டா நான் செத்தாலும் போயிருக்க மாட்டன். அது வேற ஊர். முகத்தையும் மூடிக்கிட்டு நிண்டா ஆருக்கு விளங்கப் போகுது எண்டு நினைச்சன். இவரும் ஊட்ட இல்ல. ஹாஜியார் ஒரு வேலையாக் கூப்பிட்டார் எண்டு விடியவே போயிட்டார். போகக்குள்ள முகத்துல நல்ல சந்தோஷம். "சம்பள விஷயமாத்தான் இருக்கும் புள்ள" எண்டு சொல்லிட்டுத்தான் போனார்.

ஸ்டோர் வாசலுக்கு வெளியே பொம்புளைகள் றோட்டு வரைக்கும் நிண்டாங்க. வெயிலெண்டா வெயில். ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, ஆடு மாட்டத் தள்ளுற மாதிரி உள்ளுக்குத் தள்ளுறாங்க. நான் கேற்றத் தாண்டி உள்ளுக்கு வந்த நேரம்தான் அந்தக் குரல் கேட்டிச்சு.

"வாங்க உம்மா, இஞ்சால வாங்க. பார்த்து, படி இருக்கு."

எனக்கு அந்தக் குரல் தெரியாதா! எட்டிப் பார்த்தன். இவர்தான். ஹோட்டல் சேட்டப் போட்டுக்கிட்டு, ஒவ்வொருத்தரிட கையிலயும் ஒரு கவரக் குடுத்து, "ஹாஜியாருக்குத் துஆச் செய்ங்க, ஹாஜியாருக்குத் துஆச் செய்ங்க" எண்டு ஹாஜியாருக்காக அல்லாஹ்விட்டக் கேட்கச் சொல்லிக்கிட்டு நிக்கிறார். பக்கத்துல கதிரையில ஹாஜியார் தஸ்பீஹ் மணிய உருட்டிக்கிட்டு இருக்கார். மற்ற வெயிட்டர்மார் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க. அந்த ஸ்டோர் ஹாஜியார்ட மருமகண்டயாம். பிறகு தெரிஞ்சு என்ன செய்ற?

யா அல்லாஹ், பூமி பிளந்தா அப்புடியே இறங்கியிருப்பன். திரும்பிப் போகப் பார்த்தன், பின்னுக்கு நிண்டவ முதுகுல கையப் போட்டுத் தள்ளினா. கயித்தத் தூக்கி வெளிய போனா எல்லாரும் பார்ப்பாங்க. முகம் மூடித்தானே இருக்கு, பேசாம வாங்கிட்டுப் போவம் எண்டு நினைச்சன். என்ட முறை வந்திச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கைய நீட்டினன்.

இத்தன வருஷம் சோறு போட்டுக் குடுத்த கை. அவருக்குத் தெரியாமப் போகுமா? கவரோட வந்த அவர்ட கை அப்புடியே நிண்டிச்சு. தரவும் இல்ல, எடுக்கவும் இல்ல. பின்னுக்கு இருந்து ஹாஜியார், "என்ன தம்பி நிக்கிறாய்? குடுத்திட்டுச் சொல்லு, துஆச் செய்யச் சொல்லு" எண்டார்.

அவர் நிலத்தப் பார்த்துக்கிட்டுச் சொன்னார்: "ஹாஜியாருக்குத் துஆச் செய்ங்க, உம்மா."

நான் "ஓம்" எண்டன். வேற என்ன சொல்ற?

அண்டைக்கு அவர் கடை வேலையும் முடிச்சு, ராத் தராவீஹ் தொழுகைக்குப் போற நேரத்துல வந்தார். பள்ளிக்குப் போகல்ல. சேட்டுப் பைக்குள்ள இருந்து ஒரு கவர எடுத்து எனக்கு முன்னுக்கு வெச்சார். நான் வாங்கி வந்ததும் அதே கவர்தான்.

"இது என்ன?" எண்டு கேட்டன்.

"நான் கேட்ட சம்பளம்."

பிறகுதான் விஷயத்தச் சொன்னார். சனமெல்லாம் போன பிறகு ஹாஜியார் வெயிட்டர்மாரக் கூப்பிட்டு ஆளுக்கொரு கவர் குடுத்திருக்கார். "சம்பளம் கேட்டீங்களே, இனி ஒவ்வொரு நோம்புக்கும் உங்களுக்கும் ஸகாத்துல பங்கு" எண்டிருக்கார். இப்புடி ஒண்டு வரப் போகுது எண்டு காலையிலயே இவங்களுக்குக் கதை வந்திட்டாம். எல்லாருமாச் சேர்ந்து வாங்கிறல்ல எண்டும், இவர்தான் முதல்ல கதைக்கிற எண்டும் முடிவெடுத்திருக்காங்க. "ஹாஜியார், கூலி வேற, ஸகாத் வேற. நான் ஏழை எண்டு உங்களிட்ட வரல்ல, வேலை செஞ்சவன் எண்டு வந்தன்." இதத்தான் சொல்லணும் எண்டு கவர் குடுத்துக்கிட்டு நிக்கக்குள்ளயும் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டு நிண்டாராம்.

"அப்ப சொன்னீங்களா?"

"உண்ட கையில நானே வெச்ச பிறகு, எந்த வாயால நான் வேணாம் எண்டு சொல்ற, புள்ள?"

மற்றவங்க எல்லாரும் இவர்ட முகத்தப் பார்த்திருக்காங்க. இவர் பேசாம வாங்கினார். அவங்களும் வாங்கினாங்க. அதோட சேவிஸ் சார்ஜ் கதை முடிஞ்சிட்டு.

நான் போனது பிழை எண்டு ஆரும் எனக்குச் சொல்ல வேணாம். ஊட்ட அரிசி இல்ல, போனன். பிழை கதிரையில இருந்திச்சு. பாண்டிருப்புல என்ட கூட்டாளி ஒருத்தி சொல்லுவாள், கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைச்ச கதை எண்டு. அந்தக் கதையில கூட, தேங்காய்க்காரண்ட பொண்டாட்டிய வெயில்ல நிப்பாட்டி, புருஷண்ட கையாலயே ஒரு சில்லக் குடுக்க வெச்சு, உடைச்சவனுக்குத் துஆச் செய்யச் சொல்லல்ல. வேர்வை காயமுதல் கூலியக் குடுங்க எண்டு பள்ளியில சொல்றாங்களே, முதல் சஃபு வரிசையில இருந்து அதக் கேட்கிறவர் ஹாஜியார்தான்.

அண்டைக்கு இவர் அழுதார். ஆம்புளை அழுறதப் பார்க்கேலா எனக்கு. விடிஞ்சதும் ஏஜென்டுக்கு நானே கோல் எடுத்து, வாறன் எண்டன். பெருநாள் முடிஞ்ச கையோட இஞ்ச குவைத்துக்கு வந்திட்டன். இது ஒரு பெரிய ஊடு, நாள் முழுக்க வேலை. மெடம் அடிக்கிறவ இல்ல, அல்ஹம்துலில்லாஹ். சின்னவள் கொஞ்ச நாள் போன்ல அழுதாள். பிறகு போனுக்கே வாறல்ல.

போன கிழமை இவர் கோல் எடுத்தார். ரெண்டு வெயிட்டர்மார் அறுகம்பேப் பக்கம், வெள்ளைக்காரர் வாற ஹோட்டலுக்குப் போயிட்டாங்களாம். ஹாஜியார் தர்ற சம்பளத்துக்கு வேற ஆளும் வரல்லயாம். கடையப் பூட்ட வேண்டி வரும் எண்டு பயந்து, சேவிஸ் சார்ஜ இப்ப வெயிட்டர்மாருக்கே பிரிச்சுக் குடுக்காராம்.

"எவ்வளவு வருது?" எண்டு கேட்டன்.

சொன்னார். காணும். நான் போகாம இருக்கிறதுக்கு அது நல்லாக் காணும்.

"ஹாஜியார் உன்ன வரச் சொல்றார் புள்ள" எண்டார். "பொம்புளைய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு இருக்கிற நமக்கு அழகில்ல தம்பி, கூப்பிடு எண்டு ஏசினார்."

எனக்குக் கோவம் வந்திச்சு. ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடியாம இஞ்ச ஆரும் விடமாட்டாங்க. பாஸ்போட் மெடமிட அலுமாரிக்குள்ள, சாவி மெடமிட்ட. அது இவருக்கும் தெரியும். பிறகு மெடம் கூப்பிட்டா, நான் போனன்.