குழாயில் கட்டிய ஆவி

என் தோழி விமானி. அவள் ஓட்டும் விமானத்தின் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் நான். இரண்டே பேர் உட்காரக்கூடிய எங்கள் ஃபிளையிங் கிளப்பின் குட்டி விமானம் ஒரு கோடையில் சில வாரம் வேலூர் பக்கம் ஒரு ஓடுதளத்தில் நின்றது. காட்பாடியில் இருந்த தன் அம்மாவை ஒருமுறையாவது மேலே கூட்டிப்போக வேண்டும் என்று தோழிக்கு ரொம்ப நாள் ஆசை. அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். லீவு கிடைப்பதே அபூர்வம்.

லீவு கிடைத்த அன்று பார்த்து, விமானப் பெட்ரோல் ஏற்றிய லாரி வந்து சேரவில்லை. எங்கள் எஞ்சின் கார் பெட்ரோலிலும் ஓடும். எத்தனால் கலக்காததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கார் பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் ஆவியாகும். அந்த ஆவி குழாயை அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. இருவரும் பேசித்தான் முடிவெடுத்தோம். எத்தனால் இல்லாத பெட்ரோலை பங்கிலிருந்து வாங்கி வந்து வடிகட்டி ஊற்றினேன். காலையில் தோழி தனியாக ஒரு சுற்று போய் வந்தாள். ஒரு குறையும் இல்லை.

அம்மா வந்து சேர மதியமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் எலுமிச்சை சாதத்தோடு வந்தார். அதற்குள் விமானம் வெயிலில் நின்று நின்று எஞ்சின் மூடிக்குள் அனல் சேர்ந்திருந்தது.

காலையில் நன்றாக ஓடியதை நம்பி, அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள் தோழி. ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போதே சத்தம் மாறியது. விக்கல் மாதிரி ஒன்று, உடனே இன்னொன்று. சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு முன்பே தோழி வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் அம்மா.

"பெட்ரோல் சூடாயி குழாய்ல ஆவி கட்டிக்கிச்சும்மா," என்றேன்.

"டிரிப்ஸ் டியூப்ல காத்து புகுந்துக்குமே, அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

அம்மா தலையாட்டினார். பயந்துபோனது மகள்தான். இறங்கியவள் இறக்கையடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"மேல போயி நின்னிருந்தா இன்னாம்மா பண்ணியிருப்பேன்? உன்னைய வேற வெச்சுக்கினு…"

"மேல போவலைல்ல? நீதான் நிறுத்திட்டியே." அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க வார்டுல ஒரு டாக்டரு, சந்தேகம் வந்தா ஆபரேஷனை இன்னிக்கு வேணாம்னு நிறுத்திடுவாரு. எனக்கு அவரு மேலதான் நம்பிக்கை ஜாஸ்தி. எழுந்திரு, சாப்பாடு ஆறிப்போச்சு."

மூவரும் அந்த நிழலிலேயே சாப்பிட்டோம். தோழி சரியாகச் சாப்பிடவில்லை. இனி அம்மாவை ஏற்றவே மாட்டேன் என்று போகும்போது என்னிடம் சொன்னாள்.

அந்த வாரத்திலேயே விமானப் பெட்ரோல் வந்தது. கார் பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டு அதை நிரப்பினேன். எஞ்சின் சூடு படாதபடி குழாய்களுக்கு உறையும் போட்டேன். அடுத்த ஞாயிறு, வெயில் ஏறும் முன், சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் வந்து இறங்கினார் அம்மா. நைட் டூட்டி முடித்து நேராக யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்.

"இப்ப குளுகுளுன்னுதான இருக்குது? ஏத்திக்கினு போ."

தோழி என்னைப் பார்த்தாள். எஞ்சினை ஓடவிட்டு இருவரும் காது கொடுத்துக் கேட்டோம். சத்தம் சீராக இருந்தது. பிறகுதான் அம்மாவுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

திரும்பி இறங்கியபோது தோழி சிரித்துக்கொண்டே வந்தாள். "பாலாறு தாண்டறதுக்குள்ள தூங்கிட்டாங்கடி!"

"நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடிக்கினு இருந்தேன்," என்றார் அம்மா.