முன்வரிசையில் நின்ற அண்ணன்

மகன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கிடாரின் உறுமல் கசிந்தது. நான் நினைவில் லப்பைக்குடிக்காட்டில் எங்கள் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன்.

அண்ணன் யூசுப்புக்கு ஒரு வெளிநாட்டு ராக் குழுவின் மேல் அப்படியொரு பைத்தியம். அவர்களுடைய கச்சேரி சிடி ஒன்றை துபாயிலிருந்து வந்த மாமா கொடுத்திருந்தார். அதில் பாடகன் ஸ்பீக்கர் மேல் ஏறிக் கூட்டத்துக்குள் குதிப்பான். கீழே இருப்பவர்கள் கைகளில் தாங்கிக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் கட்டிலிலிருந்து மெத்தை மேல் குதிப்பான். தொழுதுவிட்டு வரும் அத்தா, அத்தர் வாசனையோடு வாசலிலேயே நின்று கத்துவார்: "என்னடா இது, வூடா இல்ல ரைஸ் மில்லா?"

பிறகு அண்ணனும் துபாய்க்குப் போனான். "அந்தக் குழு அங்கல்லாம் வருமாம். முன்னாடி நின்னு பாப்பேன்" என்றான். கிடைத்த வேலை ஜெனரேட்டர் அறையில்.

நான்கு வருடம் கழித்து ஊர் வந்தபோது, ஜெனரேட்டர் இரைச்சல் அவன் காதைத் தின்று முடித்திருந்தது. சாப்பிடும்போது பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"கச்சேரி பாத்தியாண்ணே?"

"பாத்தேம்மா. முன்வரிசை. அவன் குதிச்சான், நானுந்தான் தாங்கிப் புடிச்சேன்." சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். "என்ன பாட்டு பாடுனான்னுதான் தெரியல."

அத்தா பாதிச் சோற்றில் எழுந்து கொல்லைக்குப் போனார்.

அண்ணன் இப்போது எங்களோடுதான் இருக்கிறான். மகனுக்கு அருகில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட, எழுந்து போய் அண்ணன் தோளைத் தொட்டேன்.