ஏரம்பு ஒட்டிய விமானச் சட்டம்

கிளிநொச்சிச் சந்தைக்கு அருகே காஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஏரம்புவிடம் உழவு இயந்திரம், கலப்பை, தண்ணீர்ப் பம்பு என எதைப் பற்றியும் பேசலாம். செல்வநாயகத்தின் விமானத்தைப் பற்றி மட்டும் பேச முடியாது. யாராவது அதை எடுத்தால், பாதி குடித்த தேநீரையும் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அவர் ஓமந்தையில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வவுனியா விமானத் தளப் பட்டறையில் கூலியாகச் சேர்ந்து, மெல்லிய உருக்குக் குழாய்களைச் சுவாலையால் ஒட்டக் கற்றார். அங்கே அவருடன் வேலை பழகிய செல்வநாயகம், பின்னர் வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் காணி பெற்று நெல் விதைத்தார். அறுபத்திரண்டாம் ஆண்டில், ஒருவர் மட்டும் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைத் தாமே கட்டிப் பறப்பதென்று செல்வநாயகம் தீர்மானித்தார். குழாய்ச் சட்டத்தை எந்த முறையில் ஒட்டுவது என்பதே முதற் கேள்வியாயிற்று.

செல்வநாயகம் எதையும் பரீட்சித்துப் பார்ப்பவர். ஒரே குழாயிலிருந்து துண்டுகள் வெட்டி, பித்தளை, மின்சாரம், காஸ் சுவாலை என மூன்று முறையிலும் மாதிரி ஒட்டுவித்து, எல்லோர் முன்னிலையிலும் சம்மட்டியால் அடித்தார். பித்தளை வைத்து ஒட்டியது பொருத்திலேயே பிரிந்தது. வவுனியாவிலிருந்து ஜெனரேற்றருடன் வந்த, ஏரம்பு ‘நானா’ என்று மரியாதையாக அழைக்கும் அப்துல் மஜீத் மின்சாரத்தால் ஒட்டியதில், பொருத்து நின்றது. அதன் அருகே குழாய் முறிந்தது. ஏரம்புவின் துண்டு வளைந்ததே தவிர விடவில்லை.

“நானா, உங்கட கரண்ட் ஒட்டு லொறிச் சட்டத்துக்குத்தான் சரி. இது பறக்கிற சாமான்,” என்றார் ஏரம்பு.

“முதல் அது நிலத்தை விட்டு எழும்பட்டும், அண்ணை. பிறகு கதைப்பம்,” என்று மஜீத் சிரித்தார்.

வேலை ஏரம்புவுக்கே கிடைத்தது. மாதிரித் துண்டில் இல்லாத தொல்லை நீண்ட சட்டத்தில் வந்தது: ஒரு மூலையைச் சூடாக்கினால் மறு மூலை முறுகி வளைந்தது. கலப்பைக் கொழுவை ஒட்டியவுடன் நனைந்த சாக்கைப் போட்டுக் குளிரவைத்துக் கொடுப்பது அவர் வழக்கம். எருதுகளை வயலில் விட்டு வந்த கமக்காரர் காத்து நிற்கமாட்டார்கள். அந்தச் சாக்கை விமானச் சட்டத்திலும் போட்டார். முறுகல் நின்றது, வேலையும் விரைந்தது. மெல்லிய உருக்கு தானாகவே ஆறவேண்டும், சடுதியாகக் குளிர்ந்தால் கண்ணாடிபோல வெடிக்கும் என்பது தளத்தில் அவர் கற்ற முதற் பாடம். மறந்து போடவில்லை, தெரிந்துதான் போட்டார்.

செல்வநாயகத்தின் மனைவி நாகேஸ்வரி ஒரு மாரி முழுவதும் இருந்து, சட்டத்தின் மேல் துணியைக் கையாலேயே தைத்துப் போர்த்தினார்.

அறுவடை முடிந்த வயலில் விமானத்தை உருட்டி ஓட்டிப் பார்த்த அன்று, சக்கரத்தைத் தாங்கும் சில்லுக் காலில் அப்பிய மண்ணைத் துடைத்த ஏரம்பு, பொருத்தின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பைக் கண்டார். வேறு யாரும் காணவில்லை. வரும் சனிக்கிழமை பறக்கப் போவதாகச் செல்வநாயகம் அயலவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சில்லுக் காலை மட்டும் ஒருவரும் அறியாமல் திரும்ப ஒட்டிவிடலாம். ஆனால் துணிக்குள் மறைந்திருந்த மற்றப் பொருத்துகளும் அதே சாக்கின் கீழ்க் குளிர்ந்தவை.

மறுநாள் வவுனியாவுக்கு பஸ் ஏறி, மஜீத்தின் பட்டறைக்குப் போனார்.

“ஒரு பொருத்து வெடிச்சிட்டுது. துணி எரியாமல் கரண்டாலை ஒட்டலாமோ, நானா?”

மஜீத் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “எப்பிடி ஆறவிட்டனீங்கள்?”

“சாக்குப் போட்டனான்.”

“மாதிரித் துண்டுக்கும் போட்டனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப அண்டைக்கு நாங்கள் அடிச்சுப் பாத்தது வேறை ஒட்டு.”

கேலியை எதிர்பார்த்தே ஏரம்பு வந்திருந்தார். அது வரவில்லை.

“நான் கரண்ட் பிடிச்சால் அந்தக் குழாய் இன்னும் கெட்டுப்போகும். உங்கட முறைதான் சரி, அண்ணை. துணியை உரிச்சு, வெடிச்சதை வெட்டிப்போட்டு ஒட்டுங்கோ. மற்றதுகளைச் சிவக்கக் காய்ச்சி, காத்துப் படாமல் ஆறவிடுங்கோ.” “செல்வநாயகத்திட்டை நான் வந்து சொல்லட்டோ?” என்றும் கேட்டார்.

“வேண்டாம்.”

அன்று பின்னேரமே வட்டக்கச்சிக்குப் போய், விமானம் நின்ற கொட்டிலில், நாகேஸ்வரி இழுத்துப் போட்ட கதிரையில் அமராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

செல்வநாயகம் விமானத்தின் பக்கம் திரும்பினார். “தெரியாதவன் செய்திருந்தால் நான் ஏசமாட்டன், ஏரம்பண்ணை. ரெண்டு பேரும் ஒரே மேசையிலை நிண்டு வேலை பழகினனாங்கள்.”

ஏரம்பு, தையற்பெட்டியிலிருந்த கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினார். நாகேஸ்வரி அதைத் தாமே எடுத்துக்கொண்டார்.

“நீங்கள் வெட்டவேண்டாம், அண்ணை. சாக்குப் போட்ட இடங்களைக் காட்டுங்கோ. நான் வெட்டுறன்.”

ஏரம்பு வாற் பக்கத்திலிருந்து தொடங்கினார். அவர் விரல் வைத்த இடங்களில் நாகேஸ்வரி தம் தையலை வெட்டிச் சென்றார். இருக்கைக்குப் பின்னால் துணி விலகியபோது, முதுகு சாயும் குழாயில் இன்னொரு வெடிப்புத் தெரிந்தது. செல்வநாயகம் அதன்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

நாகேஸ்வரி கத்தரிக்கோலை விரித்தபடி நின்றார்.

“அடுத்தது எங்கை, அண்ணை?”

ஏரம்பு அடுத்ததைக் காட்டினார்.